வண்டு பிடுங்கிய வேலை

செம்பனையின் ஆண்பூ விரிந்தால் சோம்பு மணக்கும். டப்பாவில் கிடக்கிற சோம்பு அல்ல, பல்லில் கடிபட்ட சோம்பு. கொஞ்சம் இனிப்பும் கொஞ்சம் காரமுமாக மூக்குக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்காத மணம். அதனுடன் முகப்பவுடரின் வாசனையும் வேர்வையும் கலந்தால் வருவதுதான், மலாக்காவை அடுத்த பெம்பான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நாளில், அம்மா வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைகிறாள் என்பதை அவள் செருப்புச் சத்தத்துக்கு முன்பே எனக்குச் சொன்ன வாசனை.

இதைப் படிக்கிறவர்களில் பலர் செம்பனையைக் காரின் கண்ணாடி வழியாகப் பார்த்ததோடு சரி என்று தெரியும், ஆகவே கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. ஒரே மரம்தான் ஆண்பூவும் விடும், பெண்பூவும் விடும். ஆனால் இரண்டையும் ஒரே சமயத்தில் விடாது. இந்த ஏற்பாட்டைச் செய்தவர் யாரோ, பிற்காலத்தில் எங்கள் அலுவலகத்தில் கோப்புகளை மேசைக்கு மேசை நகர்த்தியவர்களின் மூதாதையாக இருக்க வேண்டும். ஒரு மரத்தின் தூள் இன்னொரு மரத்தின் பெண்பூவில் போய் விழுந்தால்தான் குலை நிறையக் காய் பிடிக்கும். ஆப்பிரிக்காவிலிருந்து மரத்தைக் கொண்டுவந்தவர்கள், அங்கே அந்தத் தூளைச் சுமந்துகொண்டிருந்த பூச்சியைக் கொண்டுவர மறந்துவிட்டார்கள். எனவே பூச்சி செய்ய வேண்டியதை எங்கள் பெண்கள் செய்தார்கள்.

அதற்குப் பெயர் “பவுடர் வேலை”. விரிந்த ஆண்பூவை வெட்டிச் சாக்கில் போட்டுக்கொண்டு வந்து, மேட்டில் இருந்த கொட்டகையில் உலர்த்தி, உதறி, சலித்து, அந்த மஞ்சள் தூளை முகப்பவுடர் மாதிரியான வெள்ளை மாவோடு கலந்து, நீண்ட குழாய் வைத்த ரப்பர்க் குப்பியில் அடைத்துக்கொள்வார்கள். பிறகு மரம் மரமாகப் போய் மட்டையை விலக்கி, முள்ளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் பெண்பூவைத் தேடிப்பிடித்து, குப்பியை அமுக்கி ஒரு ஊது. பூ வெள்ளையாக இருந்தால் சரியான நேரம், சிவந்துவிட்டால் போயிற்று. மரங்கள் அப்போது இளமரங்கள், பூக்கள் இடுப்பு உயரத்திலேயே இருந்தன. தோட்டத்தில் எத்தனையோ வேலைகள் இருந்தும், முகத்தில் மாவு பூசிக்கொண்டு சிரித்துக்கொண்டே செய்யும்படியானது இது ஒன்றுதான் என்று அந்தப் பெண்களே சொல்லிக்கொள்வார்கள்.

அம்மாவுக்கு அதில் சிரிப்பைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. அப்பா ரப்பர்ப் பால்மரம் சீவிய காலத்திலேயே காய்ச்சலில் இறந்துபோனார். நாங்கள் குடியிருந்த “லயத்து வீடு” தோட்டத்துக்குச் சொந்தம். அந்த வீட்டிலிருந்து யாராவது ஒருவர் “செக்ரோலில்”, அதாவது தோட்டத்து வேலையாட்களின் பெயர்ப்பட்டியலில், இருக்கும்வரைதான் வீடு நமக்கு. அப்பாவின் பெயர் அடிக்கப்பட்ட மாதமே அம்மாவின் பெயர் பவுடர் வேலையில் ஏறியது. அம்மா, நான், தம்பி, ஒரு மரக்கட்டில், ஒரு சாமிப்படம், பின்பக்கத்துக் கோழிக்கூண்டு, எல்லாம் அந்த ஒரு பெயரின் மேல்தான் நின்றுகொண்டிருந்தன.

இப்படியிருக்கையில்தான் ஒரு நாள் காலை, “பெரட்டு” என்று நாங்கள் சொன்ன ஆள்கணக்கு எடுக்கும் இடத்தில், வீரையா மண்டோர் தொண்டையைக் கனைத்தார். பெண்கள் பிரிவுக்கு மேற்பார்வையாளர் அவர். பள்ளி விடுமுறையானதால் நானும் அம்மாவோடு போயிருந்தேன். பக்கத்தில் நின்ற லோரியில் எங்கிருந்தோ வெட்டிக்கொண்டுவந்த ஆண்பூக்கள் கிடந்தன. அவற்றின் மேல் எள்ளைவிடச் சற்றே பெரிதான கறுப்பு வண்டுகள், திருவிழாக் கூட்டம் மாதிரி, ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் போய்க்கொண்டிருந்தன.

“இது ஆப்பிரிக்காவுலேர்ந்து வந்திருக்கு. இனிமே ஆத்தோரப் பத்தியில நீங்க பவுடர் போடவேணாம், இது போட்டுக்கும்” என்றார் மண்டோர். தோட்டத்தின் ஒவ்வொரு பகுதியையும் நாங்கள் “பத்தி” என்போம்.

“இதா?” என்று ஒரு வண்டை உள்ளங்கையில் ஏற்றிப் பார்த்தாள் அஞ்சலை அக்கா. எங்கள் அடுத்த வீட்டுக்காரி. வாயைத் திறந்தால் மண்டோரே அரை அடி பின்னால் போய் நிற்பார். “இதுக்குக் குப்பி யாரு பிடிக்கிறதாம்?”

“அதெல்லாம் வேணாம். ஒடம்புலயே தூளு ஒட்டிக்கும். சம்பளம் கேக்காது, மழைன்னு உக்காராது, மாசமாயிருக்கேன்னு லீவு போடாது.”

“மாசமாவாம எப்படிண்ணே இத்தினி கூட்டம் வந்துச்சு?”

பெண்கள் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. மண்டோர் சொல்லாமல் விட்டதை அவள் கேட்டாள்: “மேட்டுப் பத்தி எங்களுக்குத்தானேண்ணே?”

“இப்போதைக்கு உங்களுக்குத்தான். ரெண்டு பத்தியிலயும் காய் எப்படிப் பிடிக்குதுன்னு தொரை பாக்கப் போறாரு. வண்டு தேவலைன்னா பவுடர நிறுத்திடுவாங்க.”

அரசாங்க வேலையில் சேர்ந்த பிறகு எனக்குப் புரிந்தது, எந்த அலுவலகத்திலும் ஒருவரை வெளியே அனுப்புவதற்கு முன் ஒரு சோதனைக் காலம் வைப்பார்கள், முடிவு முதலிலேயே எடுக்கப்பட்டிருக்கும் என்பது. அப்போது தெரியாது. பெண்களுக்கும் தெரியாது. வண்டோடு போட்டி போட்டு ஜெயித்துவிடலாம் என்றே நம்பினார்கள்.

அன்று முதல் எங்கள் வீட்டில் யாரும் ஓரிடத்தில் உட்காரவில்லை. அம்மா சோறு வடித்துக்கொண்டே எழுந்து போய் வாசலில் நிற்பாள். நிற்பதற்குக் காரணம் இருக்காது, திரும்பி வருவாள். இந்தத் தோட்டம் இல்லையென்றால் எது என்று அஞ்சலை அக்காவும் அவளும் வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று பேசுவார்கள். மலாக்காவில் அம்மாவின் அண்ணன் ஒருவர் கடைவீட்டின் மாடியில் ஒரே அறையில் இருந்தார். அங்கே போய் எங்கே படுப்பது என்பதோடு அந்தப் பேச்சு எப்போதும் நின்றுவிடும்.

யோசனை சொன்னது அஞ்சலை அக்காதான். “நம்ம வேலையே ஆம்பளப் பூவ வெட்டுறதுதானே ராசம்மா. அந்த வண்டு திங்கிறதும் அதத்தான், குடியிருக்கிறதும் அதுலதான். ஆத்தோரப் பத்தியில உள்ள பூவப் பூரா வெட்டிக்கிட்டு வந்துட்டா அது எதத் திங்கும்?”

அம்மா வேலியை நெருங்கி வந்தாள். “மண்டோரு கேட்டா?”

“மழையில பூ அழுகிப்போச்சு, தூளு பத்தலைன்னு சொல்லு. பொய்யா? பத்தவா செய்யுது?”

அடுத்த சில வாரங்கள் அதையே செய்தார்கள். ஆற்றோரத்தில் விரிந்த ஒவ்வோர் ஆண்பூவும் கத்திக்கு இரையாகிச் சாக்குக்குள் போனது. சாக்கின் வாயைப் பிடிப்பது என் வேலை. பூவோடு வண்டுகளும் உள்ளே போய் விழும், நான் சாக்கின் வாயைச் சுருட்டி இறுக்கிக் கட்டுவேன், உள்ளே மெல்லிய மழைபோல ஒரு சத்தம் கேட்கும். எதிரியைச் சிறைப்பிடித்து வருகிற பெருமையோடு அந்தச் சாக்குகளைப் பெண்கள் தலையில் சுமந்து மேட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

மேட்டுக்கு. அதாவது பவுடர்க் கொட்டகைக்கு. அதாவது மேட்டுப் பத்தியின் நட்டநடுவுக்கு.

இத்தனை வருடங்கள் கழித்தும் அந்த இடத்தை நினைத்தால் என்னால் உட்கார முடிவதில்லை. தங்கள் தொழிலில் ஒரு குறையும் வைக்காதவர்கள் அவர்கள். பூவை வெட்டினால் கொட்டகைக்குக் கொண்டுபோக வேண்டும், கொட்டகையில் விரித்து உலர்த்த வேண்டும். அதைவிட்டு வேறு எதையும் பூவோடு செய்ய அவர்களுக்குத் தோன்றவில்லை. ஆற்றில் எறிந்திருக்கலாம். குழியில் போட்டு மூடியிருக்கலாம். வேலையைக் காப்பாற்றுவதற்காகக்கூட ஒரு நல்ல பூவை வீணாக்க அவர்கள் கை போகவில்லை. சாக்கைத் தட்டில் கொட்டியதும் வண்டுகள் கிளம்பின. அஞ்சலை அக்கா முறத்தால் விசிறி விசிறி அடித்தாள். பலகைச் சுவரின் இடுக்குகள் வழியே அவை வெளியேறின. வெளியே, வேலியில்லாத, காவலில்லாத மேட்டுப் பத்தியில், சோம்பு மணக்க மணக்க ஆண்பூக்கள் விரிந்திருந்தன.

காய் பிடித்துவிட்டதா என்பது சில வாரங்களிலேயே தெரிந்துவிடும். முன்பெல்லாம் எவ்வளவு கவனமாக ஊதினாலும் குலையின் உட்பக்கம் பொக்கையாகவே இருக்கும், குழாயின் காற்று அவ்வளவு தூரம் போவதில்லை. இப்போது மேட்டுப் பத்தியில் ஒரு காய்க்கும் இன்னொரு காய்க்கும் நடுவே நகம் நுழையவில்லை. “பாத்தியா, நம்ம கை” என்று முதல் சில நாள் பெண்கள் பூரித்துப்போனார்கள். துரை வந்தார். அவர் காயைப் பார்த்துவிட்டு, பக்கத்து மரத்தின் ஆண்பூவைத் தட்டிப் பார்த்தார். கை முழுக்க வண்டு.

அவர் போனதும் மண்டோர் பெண்களை வரிசையாகப் பார்த்தார். “ஆத்தோரத்துல விட்ட வண்டு மேட்டுக்கு எப்படி வந்துச்சு? நடந்து வந்துச்சா?”

“பஸ்ஸுல வந்திருக்கும்ணே” என்றாள் அஞ்சலை அக்கா.

மண்டோர் சிரிக்காமல் இருக்க முயன்றது எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் மூன்றே மாதத்தில் உத்தரவு வந்தது. பவுடர் வேலை நின்றது. குப்பிகளை வாங்கிக் கொட்டகையில் பூட்டினார்கள். தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் “கிராணி”, கெட்டவர் அல்ல, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், அடுத்த மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்துகொடுத்தால் நல்லது என்றார்.

அம்மா வீட்டுக்கு வந்து தம்பியை ஓர் அடி அடித்தாள். அவன் எந்தத் தப்பும் செய்திருக்கவில்லை. பிறகு கோழிக்குத் தண்ணீர் வைத்தாள். மறுநாள் விடியலில், யாரும் கூப்பிடாமல், பெரட்டுக்கும் போகாமல், ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு நேராகக் குலை வெட்டும் இடத்துக்குப் போய்விட்டாள். குலை விழும்போது பழங்கள் சிதறும். அவற்றைப் பொறுக்குவதை “உதிரிப்பழம் எடுக்கிறது” என்பார்கள். மேட்டுப் பத்தியில் பிடித்த காய் பழுத்துவர இன்னும் நாளாகும். ஆனால் வண்டு முதலில் வந்த ஆற்றோரத்தில், இவர்கள் கத்தியோடு போவதற்கு முன்பே பிடித்த குலைகள் பழுத்து விழத் தொடங்கியிருந்தன. இதுவரை பார்க்காத கனம், இதுவரை பார்க்காத உதிரி. பொறுக்க ஆள் போதவில்லை. அம்மா மத்தியானத்துக்குள் சாக்குகளை நிரப்பிப் பாதையோரம் நிறுத்தி வைத்துவிட்டு, அவற்றின் பக்கத்திலேயே நின்றாள்.

“உன் பேரு இல்லியேம்மா” என்றார் மண்டோர்.

“பழம் இருக்கில்லண்ணே. ஏத்த வேணாம்னா சொல்லுங்க, மறுபடியும் மரத்தடியில கொட்டிட்டுப் போறேன்.”

மண்டோர் சாக்குகளைப் பார்த்தார், லோரியைப் பார்த்தார், ஏற்றச் சொன்னார். அலுவலக வாழ்க்கையில் எத்தனையோ மேல்முறையீடுகளைப் படித்திருக்கிறேன்; அவ்வளவு சுருக்கமானதைப் பார்த்ததில்லை. மறுவாரம் அவள் பெயர் மீண்டும் ஏறியது, பின்னாலேயே அஞ்சலை அக்காவுடையதும். வீடு தங்கியது. வண்டு பறித்த வீட்டை வண்டே திருப்பிக் கொடுத்தது என்று சொல்லலாம், சொல்வதற்கு அழகாகவும் இருக்கிறது. ஆனால் நிமிர்ந்து நின்று பூத் தேடியவள் அதன்பின் பொழுது முழுக்கக் குனிந்தே இருந்தாள், இடுப்பு இன்றுவரை நேராகவில்லை.

அடுத்த வருடம் இளமரங்களில் கூடு கட்டும் புழு வந்தது. காய்ந்த இலைத்துணுக்கால் பை கட்டிக்கொண்டு அதற்குள் இருந்தபடியே ஓலையை அரித்துத் தின்னும் புழு. மருந்துப் பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு ஆட்கள் வந்தபோது அம்மாவும் அஞ்சலை அக்காவும் ஆண்பூ விரிந்த மரங்களின் முன்னால் போய் நின்றுகொண்டார்கள்.

“பூ விரிஞ்ச மரத்துல அடிக்காதலா. வண்டு செத்துரும்” என்றாள் அம்மா.

மண்டோருக்குத் தன் காதை நம்ப முடியவில்லை. “போன வருசம் அதப் பட்டினி போட்டுக் கொல்லணும்னு சாக்குத் தூக்கினது யாரு?”

“அது போன வருசம்” என்றாள் அஞ்சலை அக்கா. “இந்த வருசம் அது எங்க கூட்டாளி.”

கை எட்டும் ஓலைகளில் தொங்கிய புழுப்பைகளைப் பெண்களே பிடுங்கி டின்னில் போட்டார்கள். பூவில்லாத மரங்களுக்கு மட்டும் மருந்து போனது. பிறகு பாதையோரமெல்லாம் வெள்ளையாகப் பூக்கும் ஒரு செடியை நட்டார்கள். அதில் தேன் குடிக்க வரும் சிறு குளவிகள் அந்தப் புழுவைத் தேடிப்போய் அதன்மேல் முட்டையிட்டு ஒழித்துவிடுமாம். அந்தப் பெண்களில் யாருக்கும் பூச்சி மேல் அன்பு கிடையாது. வீட்டுக்குள் வந்தால் செருப்பால் அடிப்பார்கள். உலை கொதிக்க அது வேண்டியிருந்தது, அவ்வளவுதான்; அவ்வளவே போதுமானதாக இருந்தது.

இப்போது நான் ஓய்வுபெற்று, அதே பெம்பானுக்குப் பக்கத்தில் ஒரு “தாமான்” குடியிருப்பில் வீடு வாங்கி இருக்கிறேன். அரசாங்கத்தில் நான் கடைசியாகப் பார்த்தது புல்வெட்டும் குத்தகைகளை. ஆகவே வீட்டுக்குப் பின்னால் வாய்க்காலோரம் போகிற புல்தரையில் குத்தகைக்காரர் வெட்ட வேண்டும் என்று மட்டுமே ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும், மருந்தடிப்பது அவருடைய சோம்பல் என்பது எனக்குத் தெரியும். பம்போடு வந்தவரை நிறுத்தினேன். யாரிடம் புகார் செய்வது, அவர் யாரைக் கைகாட்டுவார், கைகாட்டப்பட்டவர் எந்தக் கிழமையில் இருக்கையில் இருப்பார், எல்லாம் நான் வகுத்த வழிதானே. இப்போது பூத்து விதை விழுந்த பிறகுதான் வெட்டுகிறார்கள். அந்த வெள்ளைப்பூச் செடியை நானும் வரிசையாக நட்டிருக்கிறேன். கொசுவுக்குப் புகையடித்தால் கொசுவோடு எல்லாம் சாகும் என்பதால், புகையடிக்கக் காரணமே வராதபடி, பக்கத்து வீட்டு வாளிகளையும் பூத்தொட்டித் தட்டுகளையும் நானே கவிழ்த்துக்கொண்டு திரிகிறேன். வராந்தாவின் வெள்ளை விளக்கை எடுத்துவிட்டு மங்கலான மஞ்சள் விளக்கைப் போட்டேன், அதுவும் தேவைப்படும்போது மட்டும். இதில் எதற்கும் படிப்பு வேண்டாம், அக்கம்பக்கத்தார் பைத்தியம் என்று நினைப்பதைப் பொறுத்துக்கொள்ளத் தெரிந்தால் போதும்.

“ஆன்ட்டி, இப்பிடிப் புல்ல வளத்தா பாம்பு வரும்லா” என்றான் எதிர்வீட்டு ஜீவா.

“வந்தா என்கிட்ட அனுப்பு. பாம்புக்கு எந்த டிப்பார்ட்மெண்டுன்னும் எனக்குத் தெரியும்.”

அவனுடைய உலை வாய்க்காலோரப் பூவால் கொதிப்பதில்லை. அதுதான் சிக்கல். அம்மாவையும் அஞ்சலை அக்காவையும் அந்த மரத்தின் முன் கொண்டுபோய் நிறுத்தியது எதுவோ, அது இந்தத் தாமானில் யாரிடமும் இல்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வாய்க்காலின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடக்கிறேன்.

போன மாதம் மலாக்காவில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். உறவுக்காரப் பையன் ஒருவன் செம்பனைத் தோட்டத்தில் உதவி மேலாளராக இருக்கிறான்; துரை என்று கூப்பிட்டால் வெட்கப்படுகிற தலைமுறை. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவன் சொன்னான்: “எங்க சில பிளாக்குல வண்டு பத்தல ஆன்ட்டி. குலைக்குள்ள காயே பிடிக்கல. மழையா, மருந்தா, ஆண்பூ குறைஞ்சதா, என்னன்னு பாத்துக்கிட்டிருக்காங்க. அதுவரைக்கும் ஆள வெச்சுப் பவுடர் போடுறோம்.”

நான் சாப்பிடாமலே எழுந்துவிட்டேன். அங்கிருந்து நேராகச் சுங்கை ஊடாங்குக்குக் காரை விட்டேன். தம்பிக்கு அங்கே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வேலை, அம்மா அவனோடு இருக்கிறாள். வழியில் செம்பனைதான் இரண்டு பக்கமும். முன்பு இந்தச் சாலையில் பொழுது சாயும் நேரம் போனால் கண்ணாடி முழுக்கப் பூச்சி அப்பியிருக்கும், நிறுத்தித் துடைக்க வேண்டும். அன்று பொழுது சாய்ந்து வீடு போய்ச் சேர்ந்தபோது கண்ணாடி காலையில் கழுவியது போலவே இருந்தது. பெம்பானில் எங்கள் லயம் இருந்த இடத்தில் மரம் வைத்து, அந்த மரமும் முற்றி வெட்டப்பட்டு, மறுபடி நட்டாகிவிட்டது. கொட்டகை இல்லை. அஞ்சலை அக்கா இல்லை. இப்போது வண்டும் குறைகிறதாம்.

அம்மா நாற்காலியில் ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பவுடர் வேலை திரும்பி வந்துவிட்டது என்றேன். அவள் ஆச்சரியப்படுவாள், அல்லது ஒரு வார்த்தை திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

“யாரு போடுறாங்க?”

“வெளிநாட்டு ஆளுங்கம்மா.”

“அவங்களுக்கு வீடு குடுத்திருக்காங்களா?”

எனக்குத் தெரியவில்லை. பையனுக்குப் போன் போட்டுக் கேட்டேன். தோட்டத்தில் “கொங்சி” என்கிற தகரக் கொட்டகையில்தான் இருக்கிறார்கள், வேலை இருக்கிறவரை இருப்பார்கள் என்றான். அதை அப்படியே அம்மாவிடம் சொன்னேன்.

அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். “அப்ப வண்டு மறுபடியும் வந்துட்டா, அவங்க எங்கடி போவாங்க?”

நான் வாய்க்காலோரத்தில் செடி நட்டுக்கொண்டிருப்பது பூச்சிகள் திரும்பி வர வேண்டும் என்றுதான். இனியும் நடுவேன். ஆனால் அம்மா கேட்ட கேள்வியை எந்த அலுவலகத்தில், எந்த மேசையில் கொண்டுபோய்க் கொடுப்பது என்று, அத்தனை நடைமுறையும் தெரிந்த எனக்குத் தெரியவில்லை.